பயணம் செய்யாத முத்திரைகள்



தபால் முத்திரை என்பது ஒரு கடமைக்காகப் பிறந்த பொருள். கூலி கொடுத்தாயிற்று என்பதற்குச் சான்றாகக் கடிதத்தின் மூலையில் அமர்ந்து, தபாலகத்தின் திகதிக் குறியை ஏற்று, ஊர்விட்டு ஊர் சென்று சேர்வதே அதன் வாழ்வு. முத்திரை சேகரிப்போரிற் பெரும்பாலோர் இவ்வாறு கடமை முடித்த முத்திரைகளைத் தேடுவர். சிலர், கடமைக்கு ஆயத்தமாய் நின்றும் பயன்படாது தங்கிவிட்ட புதிய முத்திரைகளை விரும்புவர். இவ்விரு வகையிலும் அடங்காத மூன்றாம் வகையொன்றும் உண்டு. அவை அச்சுக்கூடத்திலிருந்து வெளிவரும்போதே, 'இதனை ஒரு கடிதத்திலும் ஒட்டலாகாது' என்னும் தடையுடன் வெளிவந்தவை. அவற்றின் முகத்தின்மேல், 'மாதிரி' எனப் பொருள்படும் 'ஸ்பெசிமென்' என்னும் ஆங்கிலச் சொல் குறுக்காகப் பொறிக்கப்பட்டிருக்கும். அச்சிட்ட முத்திரையின்மேல் மீண்டும் அச்சிடப்படுவதால் இதனை மேலச்சு என்பர். இம்மேலச்சுப் பெற்ற பழைய அமெரிக்க முத்திரைகளின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

ஓர் அரசாங்கம் தான் பணத்துக்கு விற்கும் பொருளைத் தானே ஏன் பயனற்றதாக்க வேண்டும் என்ற ஐயம் எழுவது இயல்பு. முத்திரை ஒருவகையிற் பணத்துக்கு ஒப்பானது. புதிய முத்திரையொன்று வெளியாகும்போது, அதன் தோற்றத்தைத் தபால் அலுவலர் அறிந்திருத்தல் வேண்டும். அறியாவிடின் நல்லதையும் கள்ளத்தையும் அவர் எவ்வாறு பிரித்துணர்வார்? அதுபோலவே பிறநாட்டுத் தபாற் பகுதியாரும் அறிந்திருத்தல் வேண்டும். முத்திரை அச்சிடும் நிறுவனங்களுக்கோ தம் கைவண்ணத்தை வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டிய தேவை உண்டு. இத்தேவைகளுக்காக மெய்யான முத்திரைகளையே வழங்கின், அவற்றுட் சில கடிதங்களில் ஏறிவிடும்; அரசின் வருவாய் குறையும். காட்டவும் வேண்டும், காக்கவும் வேண்டும் என்ற இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றக் கண்ட உபாயமே 'மாதிரி' மேலச்சு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நாடு முழுவதற்குமான முதல் முத்திரைகள் 1847ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி வெளிவந்தன. 5 சத முத்திரையில் பெஞ்சமின் பிராங்கிளினும், 10 சத முத்திரையில் ஜோர்ஜ் வாஷிங்டனும் காட்சியளித்தனர். அரசாங்கம் முத்திரைகளைத் தானே அச்சிடவில்லை. வங்கித் தாள்களை அச்சிட்டு வந்த தனியார் நிறுவனங்களிடம் அப்பணியை ஒப்படைத்தது. 1894ஆம் ஆண்டில் வாஷிங்டனிலுள்ள அரசாங்கச் செதுக்கல் அச்சுப் பணியகம் அதனைப் பொறுப்பேற்கும்வரை இம்முறையே நீடித்தது. 1850களின் பிற்பகுதிக்குரிய முத்திரைகளிலேயே 'ஸ்பெசிமென்' என்னும் மேலச்சைக் காண்கின்றோம். அது எப்போதும் ஒரே வடிவினதன்று. ஒரு காலத்தில் சிறிய எழுத்து, மற்றொரு காலத்தில் பெரிய எழுத்து. ஓரிடத்தில் நேராக நிற்கும், மற்றோரிடத்தில் சாய்ந்து நிற்கும். அமெரிக்காவின் பெயர்பெற்ற ஸ்கொட் முத்திரைப் பட்டியல் இவ்வடிவங்களை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தை அடையாளமாக இட்டுள்ளது. மேலச்சின் நீளத்தை மில்லிமீற்றர்க் கணக்கில் அளந்தே ஒரு வகையை மற்றொன்றினின்றும் பிரித்தறிதல் வழக்கம்.

இத்துறையின் மிகச் சுவையான பகுதி 1873ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. அதற்கு முன்னர் அமெரிக்கச் சட்டசபை உறுப்பினரும் அரசாங்க அலுவலரும் முத்திரை ஒட்டாமலே, தம் கையொப்பத்தின் வலிமையால், கடிதங்களை இலவசமாக அனுப்பும் சலுகையைப் பெற்றிருந்தனர். கையொப்பம் இலவசம் என்றால், அனுப்பும் பொருளுக்கு எல்லை ஏது? அரச கருமத்துக்கென ஏற்பட்ட சலுகை சொந்தக் கருமங்களுக்கும் பயன்படுகின்றதென்ற முறைப்பாடு நாடெங்கும் எழுந்தது. இலவசத் தபாலின் செலவைச் சுமந்தவர் வரியிறுத்த குடிமக்களே. ஆதலால் அச்சலுகை 1873ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி முதல் நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக, ஒவ்வோர் அரசாங்கத் திணைக்களத்துக்கும் தனித்தனி முத்திரைகள் அச்சிடப்பட்டன. எத்திணைக்களம் எவ்வளவு செலவிடுகின்றது என்பது இதனாற் கணக்கில் ஏறும் அன்றோ?

இவ்வாறு ஒன்பது பிரிவுகளுக்கு முத்திரைகள் பிறந்தன. காட்சிக்கு இனிமையாகவும், கண்டவுடன் அடையாளம் காண எளிதாகவும் பிரிவுதோறும் ஒரு நிறம் வகுக்கப்பட்டது. விவசாயத் திணைக்களத்துக்கு மஞ்சள்; சனாதிபதி அலுவலகத்துக்குச் செங்கருஞ் சிவப்பு; உண்ணாட்டுத் திணைக்களத்துக்குச் சிந்தூரம்; நீதித் திணைக்களத்துக்கு ஊதா; கடற்படைக்கு ஆழ்ந்த நீலம்; தபாற் பகுதிக்குக் கறுப்பு; வெளிநாட்டலுவல்களைக் கவனிக்கும் இராசாங்கத் திணைக்களத்துக்குப் பச்சை; திறைசேரிக்குக் கபிலம்; போர்த் திணைக்களத்துக்கு ரோசா நிறம். எல்லாமாகச் சேர்த்து 92 முத்திரைகள். இவற்றை அச்சிட்டது நியூயோர்க் நகரத்துக் கொன்டினென்டல் பாங்க் நோட் கொம்பனி.

இராசாங்கத் திணைக்களத்தின் தொடரில் நான்கு முத்திரைகள் தனிச்சிறப்புடையன. அவற்றின் முகப்பெறுமதி 2, 5, 10, 20 டொலர். வெளிநாடுகளிலுள்ள தூதரகங்களுக்கு அனுப்பும் பாரமான பொதிகளுக்கென அவை அமைந்தன. பச்சைச் சட்டத்தின் நடுவே கறுப்பு மையில் வில்லியம் சீவார்ட் என்பவரின் உருவம் விளங்கும். ஆபிரகாம் லிங்கனின் அமைச்சரவையில் வெளிநாட்டலுவல்களுக்குப் பொறுப்பாயிருந்தவர் அவர். 1867ஆம் ஆண்டில் ருஷ்யாவிடமிருந்து அலாஸ்கா நிலப்பரப்பை விலைக்கு வாங்கிய செயலால் வரலாற்றில் நின்றவர்.

பொதுமக்கள் இம்முத்திரைகளைத் தபாலகத்தில் வாங்க இயலாது. திணைக்களங்களின் அலுவலருக்கு மட்டுமே அவை உரியன. இந்நிலையில் ஒரு புதிய வேண்டுகை எழுந்தது. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனஞ் செய்து நூறு ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, 1876ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிலே பெருங்கண்காட்சியொன்று நடத்த ஏற்பாடாகியிருந்தது. தபாற் பகுதியார் 1847 முதல் வெளியான எல்லா முத்திரைகளையும் அங்கே காட்சிக்கு வைக்க விரும்பினர். அதேவேளையில் முத்திரை சேகரிக்கும் பழக்கம் வேர்விட்டிருந்தமையால், பழைய முத்திரைகளை வேண்டிக் கடிதங்களும் வந்துகொண்டிருந்தன. ஆதலால் 1875ஆம் ஆண்டில், பழையன புதியன யாவற்றையும் விசேடமாக அச்சிட்டு, வேண்டுவோருக்கு முகப்பெறுமதிக்கே விற்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. வாஷிங்டனிலுள்ள மூன்றாம் உதவித் தபால் மாஅதிபரின் அலுவலகம் இவ்விற்பனையை நடத்தியது.

இங்கேதான் சிக்கல் தோன்றிற்று. திணைக்கள முத்திரையைப் பொதுமகன் ஒருவனுக்கு விற்றால், அவன் அதனைக் கடிதத்தில் ஒட்டி அனுப்பமாட்டான் என்பதற்கு என்ன உறுதி? அன்றி, திணைக்களத்திலிருந்து களவுபோன முத்திரையைக் கையில் வைத்திருப்பவன், 'இதை நான் விலைகொடுத்து வாங்கினேன்' என்று சொல்லித் தப்பிவிடுவான் அல்லவா? இலவசச் சலுகையின் முறைகேட்டை ஒழிக்கப் பிறந்த முத்திரை, புதிய முறைகேட்டுக்கு வழிதிறக்கக் கூடாது. ஆகவே விற்பனைக்கான 92 வகைத் திணைக்கள முத்திரைகளிலும் 'ஸ்பெசிமென்' என்னும் சொல் பொறிக்கப்பட்டது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை ஆகிய நிறமுடையவற்றில் மேலச்சுச் சிவப்பாக அமைந்தது. சிவப்பு, சிந்தூரம், ஊதா, கபிலம், ரோசா ஆகியவற்றில் அது நீலமாக அமைந்தது. எச்சொல் கண்ணிற்பட வேண்டுமோ அச்சொல் கண்ணிற்படும்படி செய்தனர். முத்திரைகளின் பின்புறத்திற் பசையும் பூசவில்லை.

இனி வாங்கியோரின் நிலையைச் சிந்திப்போம். 1 சத முத்திரைக்கு 1 சதம் கொடுப்பதில் எவருக்கும் தயக்கமில்லை. அவை ஆயிரக்கணக்கில் விற்பனையாயின. 20 டொலர் முத்திரைக்கோ 20 டொலர் கொடுக்க வேண்டும். அக்காலத்தில் அது ஒரு சாதாரணத் தொழிலாளியின் ஏறத்தாழ இரண்டு வாரக் கூலி. அவ்வளவு பணங் கொடுத்து வாங்கியபின் கையில் எஞ்சுவது ஒரு கடிதத்தைக்கூட அனுப்பவியலாத கடதாசித் துண்டு. இதனை அறிந்தும் வாங்கியோர் மிகச் சிலரே. விற்பனை 1884ஆம் ஆண்டில் முடிவடைந்தபோது எஞ்சியவை அழிக்கப்பட்டன. ஆகவே சீவார்ட் உருவந் தாங்கிய உயர்ந்த பெறுமதி முத்திரைகளில் 'மாதிரி' மேலச்சுப் பெற்றவை, மெய்யாகவே வழக்கில் இருந்த முத்திரைகளிலும் பன்மடங்கு அரியனவாயின. அன்று நகைத்தவர் பலர் இருந்திருக்கக்கூடும். அந்தச் சிலரின் ஆர்வம் இல்லையேல் இன்று அவற்றைக் காண்பதற்கும் வழியில்லை.

அச்சுக்கூடத்தில் நேர்ந்த ஒரு பிழையும் இம்முத்திரைகளுக்குப் புகழ் தேடித் தந்தது. எழுத்துக் கோத்தவர் அவசரத்தினால் 'பி', 'ஈ' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களையும் இடமாற்றிக் கோத்துவிட்டார். அதனால் 'ஸ்பெசிமென்' என்று அமையவேண்டிய சொல் 'செப்சிமென்' என்றாயிற்று. முத்திரை நூறு கொண்ட தாளிலே பிழை ஓரிடத்தில் மட்டும் நேர்ந்தமையால், அது எளிதிற் கண்ணிற்படவில்லை. பெரிய எழுத்துக்களின் நடுவே புள்ளியுடன் கூடிய சிறிய 'ஐ' எழுத்துப் புகுந்துவிட்ட மற்றொரு பிழையும் உண்டு. பள்ளிப் பிள்ளையின் எழுத்தில் இப்பிழை நேரின் ஆசிரியர் சிவப்புக் கோடு இடுவார். முத்திரையில் நேர்ந்தமையால், சேகரிப்போர் அதற்குப் பெருவிலை கொடுக்கின்றனர்!

அதே 1875ஆம் ஆண்டில், பொதுமக்களுக்கான சாதாரண முத்திரைகளும் விசேடமாக அச்சிடப்பட்டு விற்பனைக்கு வந்தன. அவற்றுக்கு 'மாதிரி' மேலச்சு இடப்படவில்லை. அவ்வேளை தபாலகங்களில் வழங்கிவந்த முத்திரைகளுக்கும் அவற்றுக்கும் தோற்றத்தில் வேற்றுமை மிகக் குறைவு. மிக வெண்மையான கடதாசி, சற்றே மாறிய நிறம், பசையின்மை ஆகியவற்றைக் கொண்டே அவற்றை இனங்காண வேண்டியுள்ளது. இன்னோர் அடையாளமும் உண்டு. அலுவலகத்தார் அவற்றைத் துளைவழியே கிழித்துப் பிரிக்காமல், கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்தனர். துளைகள் சிதைந்தன, சிலவற்றில் உருவத்தின் ஓரமும் வெட்டுப்பட்டது. மற்ற முத்திரைகளிற் குறையெனத் தள்ளப்படும் அவ்வெட்டு, இங்கே மெய்ம்மைக்குத் துணைச் சான்றாக நிற்கின்றது. ஒரு சொல் மேலச்சாகப் பொறிக்கப்பட்டிருப்பின் இவ்வளவு ஆராய்ச்சிக்கு இடமிருந்திராது.

இனி, இம்முத்திரைகள் அமெரிக்க எல்லையைக் கடந்து உலகெங்கும் பரவிய வரலாற்றைக் காண்போம். 1874ஆம் ஆண்டில் சுவிற்சலாந்து நாட்டுப் பேர்ண் நகரில், பின்னர் அகில உலகத் தபாற் சங்கம் எனப் பெயர்பெற்ற அமைப்புத் தோன்றிற்று. அதன் தொடக்க உறுப்பு நாடுகளுள் அமெரிக்காவும் ஒன்று. இலங்கை 1877ஆம் ஆண்டில் அச்சங்கத்திற் சேர்ந்தது. ஒவ்வொரு நாடும் தான் வெளியிடும் புதிய முத்திரைகளின் மாதிரிகளைப் பேர்ண் நகரத்துப் பணியகத்துக்கு அனுப்ப, அப்பணியகம் அவற்றை ஏனைய நாடுகளுக்குப் பங்கிட்டு அனுப்பும் வழக்கம் 1879ஆம் ஆண்டு முதல் நிலவியது. ஒரு நாட்டிலிருந்து வரும் கடிதத்தின் முத்திரை மெய்யானதா என்று ஐயுறும் அலுவலர், மாதிரி ஏட்டைப் புரட்டி ஒப்புநோக்கலாம். சில நாடுகள் தமக்கு வந்த மாதிரிகளின்மேல் தம்முடைய அடையாளத்தையும் பொறித்தன. போர்த்துக்கேயர் தம் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பியவற்றில், 'கடல் கடந்த நாடுகள்' எனப் பொருள்படும் 'உல்த்ரமார்' என்னும் சொல்லைக் காணலாம். ஆகவே ஒரு மாதிரி முத்திரையின் முகத்தைக் கொண்டே அது எங்கே பிறந்தது, எந்த நாட்டு ஏட்டில் வாழ்ந்தது என்பவற்றைச் சிலவேளை அறிய முடிகின்றது.

1897ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் மகாநாடு வாஷிங்டன் நகரிலேயே மே 5ஆம் திகதி தொடங்கி யூன் 15ஆம் திகதிவரை நடைபெற்றது. வந்திருந்த பிரதிநிதிகளுக்கு, அப்போது வழக்கிலிருந்த அமெரிக்க முத்திரைகள் 'அகில உலகத் தபால் மகாநாடு' என்று பொருள்படும் ஆங்கில மேலச்சுடன் அன்பளிப்பாக வழங்கப்பட்டன. அவ்வாறு ஆயத்தஞ் செய்யப்பட்டவை 125 தொகுதிகள் மட்டுமே. 'மாதிரி' என்னும் சொல் அவற்றில் இல்லை. எனினும் அவையும் தபாலுக்குப் பயன்படாதவையே. ஆதலின் பட்டியல்கள் அவற்றை மாதிரி முத்திரைகளுடன் சேர்த்தே எண்ணுகின்றன.

இலங்கை முத்திரைகளிலும் இம்மேலச்சு உண்டு என்பதை இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில் 1000 ரூபா முகப்பெறுமதியுடைய இலங்கை முத்திரையும் வெளியாயிற்று. அத்தகைய முத்திரையைப் புதிதாக வாங்கி ஏட்டில் வைக்க எத்தனை பேரால் இயலும்? 'ஸ்பெசிமென்' என்று பொறித்த ஒன்றே சேகரிப்போர் பலருடைய ஏட்டில் அவ்விடத்தை நிரப்புகின்றது.

அரியது எதுவோ அதனைச் சூழக் கள்ளமும் வளரும். மாதிரி முத்திரைகளிற் கள்ளம் இருதிசையிலும் நடைபெறுகின்றது. மலிவான சாதாரண முத்திரையொன்றை எடுத்து, அதன்மேல் 'ஸ்பெசிமென்' என்று பொய்யாக அச்சிட்டு, அரிய பொருளென விற்பது ஒருவகை. மற்றையது இதற்கு நேர்மாறானது. சனாதிபதி அலுவலகத்துத் தாழ்ந்த பெறுமதி முத்திரைகளைக் கவனியுங்கள். மேலச்சில்லாத புதிய முத்திரைக்கு விலை மிக அதிகம். மேலச்சுள்ளதற்கு விலை குறைவு. ஆகவே மேலச்சை இரசாயன முறையால் நீக்கி, மெய்யான பயன்பாட்டு முத்திரையென விற்க முயல்வோர்க்கு அதில் இலாபம் உண்டு. ஒரே சொல் ஓரிடத்திற் சேர்க்கப்படுகின்றது, மற்றோரிடத்தில் அழிக்கப்படுகின்றது. இரண்டிலும் ஏமாறுபவர் ஆராயாது வாங்குபவரே.

இவற்றினின்றும் தப்பும் வழி யாது? முதலாவது, முத்திரையின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். 1875ஆம் ஆண்டுத் திணைக்கள மாதிரிகள் பசையின்றி வெளிவந்தவை. அவற்றுள் ஒன்று பசையுடன் காணப்படின் ஐயுறுதல் தகும். இரண்டாவது, மேலச்சின் நீளத்தையும் எழுத்து வடிவையும் நம்பத்தகுந்த மாதிரியுடன் ஒப்பிட வேண்டும். மூன்றாவது, மேலச்சு மைக்குக் கீழே பழைய திகதிக் குறியின் சுவடு எஞ்சியுள்ளதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியாலும் ஊதாக்கடந்த ஒளியாலும் சோதிக்க வேண்டும். அழிக்கப்பட்ட மையின் தடமும் அவ்வொளியிற் பலகால் வெளிப்படும். நான்காவது, விலை மிகுந்தவற்றுக்கு நிபுணர் சபையின் சான்றிதழ் பெறுதல் நன்று. 1945ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் நிறுவப்பட்ட பிலற்றலிக் பவுண்டேஷன் போன்ற நிறுவனங்கள் முத்திரைகளை ஆராய்ந்து சான்று வழங்குகின்றன.

இத்துணையும் கேட்டபின், பணம் படைத்தோருக்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு இது என்று எவரேனும் எண்ணலாம். உயர்ந்த டொலர்ப் பெறுமதிகளைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆயினும் 1 சதத் திணைக்கள மாதிரிகள் மிகுதியாக விற்பனையானமையால், இன்றும் எளியவர்க்கு எட்டக்கூடிய விலையிற் கிடைக்கின்றன. ஒன்பது பிரிவுகளின் தாழ்ந்த பெறுமதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வரிசைப்படுத்தினால், ஓர் அரசாங்கத்தின் அமைப்பே நிறம் நிறமாகக் கண்முன் நிற்கும். அதனைப் பார்க்கும் மாணவன், 'இந்த முத்திரைகள் ஏன் பிறந்தன?' என்று கேட்பான். அக்கேள்வி அவனைத் தபால் வரலாற்றிலிருந்து வரிப்பண வரலாற்றுக்கும், அதிலிருந்து அரசியல் ஒழுக்கத்துக்கும் அழைத்துச் செல்லும்.

இறுதியாக ஒன்று கூறுதல் வேண்டும். மாதிரி முத்திரையின் மதிப்புப் பெரிதும் அதன் வரலாற்றைச் சார்ந்தது. எந்த அலுவலகத்திலிருந்து வந்தது, எவ்வேட்டில் ஒட்டியிருந்தது, உடனிருந்தவை எவை என்னும் செய்திகள் அதனோடு சேர்ந்தே நிலைக்க வேண்டும். பழைய தபாற் பகுதிகளின் மாதிரி ஏடுகளை விலைக்கு வாங்கி, ஒவ்வொரு முத்திரையையும் தனியே பிரித்து விற்கும்போது அச்செய்திகள் மறைந்து போகின்றன. பின்வருவோர் அவற்றை எங்கே தேடுவர்? ஜோன் லவ் என்னும் அறிஞர் அரசாங்கப் பதிவேடுகளை ஆராய்ந்து 1902ஆம் ஆண்டில் அமெரிக்க முத்திரைகளைப் பற்றி வெளியிட்ட நூல் இன்றும் ஆய்வாளர்க்கு அடிப்படையாக விளங்குகின்றது. விற்பனைக் கணக்கை எழுதிவைத்த பெயர் தெரியாத எழுதுவினைஞரின் உழைப்பும் அந்நூலில் அடங்கியுள்ளது. ஆகவே இளஞ் சேகரிப்பாளர் தம் ஏட்டில் ஒரு முத்திரையை வைக்கும்போது, அதன் அருகே, அது எங்கே, எப்போது, எவ்வாறு கிடைத்தது என்பதை ஒரு வரியில் எழுதி வைப்பாராக. விலைகொடுத்து வாங்கும் முத்திரை அவரோடு நில்லாது பிறர் கைக்குச் செல்லும். அவர் எழுதிய அவ்வொரு வரி அதனுடன் செல்லுமாயின், ஒருநாளும் கடிதத்தில் ஏறிப் பயணம் செய்யாத அம்முத்திரை தன் கதையையேனும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்க்கும்.